காலி வீட்டில் ரைஸ் குக்கர்

அந்தப் பெண் மடியில் ஒரு ரைஸ் குக்கரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே வைக்கச் சொல்லியும் வைக்கவில்லை.

"ரிப்பேர் கடை கீழ்த் தளத்துலக்கா" என்றேன்.

"இல்லம்மா. இங்கதான் வந்தேன்."

எங்கள் கதவில் 'மா தோசிக், தனியார் துப்பறிவாளர்' என்று எழுதியிருக்கும். கீழே 'உதவி: நாரே' என்று என் பெயரையும் போடச் சொன்னால், இடமில்லை என்பார் மா சார். சொக்சான் நகரத்தில் எதற்குத்தான் இடம் இருக்கிறது? பேட்டரி ஆலை வந்ததிலிருந்து வீட்டு வாடகை இரண்டு மடங்கானது. புரோக்கர் கடைக் கண்ணாடிகளில் 'வீடு காலி' என்று ஒட்டியிருந்த தாள்களெல்லாம் போய், பசைத் தடம் மட்டும் மிச்சம். முதலில் எல்லோரும் கத்தினோம். பிறகு கெஞ்சினோம். இப்போது யாருக்கும் ஒன்றும் தோன்றுவதில்லை. வாடகை ஏறியது என்று சொன்னால், மழை பெய்கிறது என்று கேட்டதுபோல் தலையாட்டுகிறோம். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் தங்கும் விடுதியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். படுத்தால் கால் மேசைக்கடியில் போகும். மா சார் அலுவலகத் தடுப்புக்குப் பின்னால் படுக்கிறார். கட்சிக்காரர்களிடம் அதைக் கோப்பு அறை என்று சொல்லிவைத்திருக்கிறோம்.

"பேர் சொல்லுங்கம்மா" என்றார் மா சார்.

"ஓக் சுன்மி. ஸ்கூல் கிச்சன்ல சமைக்கிறேன்." வயது நாற்பதுக்குள் இருக்கும். கையில் சூட்டுத் தழும்புகள். குரல் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் வந்தது. "ஒத்திக்கு ஒரு வீடு பிடிச்சேன் சார். எட்டுக் கோடி வோன். பன்னிரண்டு வருஷம் சேத்தது. முழுசும் குடுத்தாச்சு. நாளைக்குக் குடி போகணும். இப்ப இருக்கற ரூமுக்கு நாளைக்கே வேற ஆள் வர்றாங்க."

"நல்ல விஷயம்தானே. குக்கர் எதுக்கு?"

"நேத்து நல்ல நாளாச்சே சார்."

அது எங்கள் மூவருக்கும் போதுமான பதில். திசைக்குத் திசை அலைகிற பேய் வானத்துக்குப் போய்விடும் நாள் அது. வீடு மாற அதைவிட நல்ல நாள் கிடையாது. அதனால் அன்று லாரி வாடகையும் வானத்துக்குப் போய்விடும். கையில் காசில்லாதவர்கள் என்ன செய்வோம்? நல்ல நாளில் அரிசி போட்ட குக்கரை மட்டும் கொண்டுபோய்ப் புது வீட்டில் வைத்துவிடுவோம். சாமான் செட்டெல்லாம் லாரி மலிவான நாளில் போகும். குக்கர் உள்ளே போய்விட்டால் குடி போன கணக்கு. பேய்க்கு அவ்வளவுதான் விவரம்.

"நேத்து வேலை முடிஞ்சு நேரா அங்க போனேன்" என்றாள் சுன்மி. "கதவைத் திறந்தா, அடுப்படி நடுவுல ஏற்கனவே ஒரு குக்கர் இருக்கு. உள்ள அரிசி."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒரு வீட்டுல ரெண்டு குக்கர் வெக்கக் கூடாதே. என்னோடத எடுத்துக்கிட்டு வந்துட்டேன். புரோக்கரம்மாவுக்குப் போன் பண்ணேன். 'வீட்டுக்காரம்மா உங்க ராசிக்காக வெச்சிருக்காங்க, இருக்கட்டும்'னு சொன்னாங்க. நல்ல மனசுதான். ஆனா ராத்திரி தூக்கம் வரலை."

"சந்தேகப்படறீங்களா?"

"இல்ல சார். சந்தேகப்படற அளவுக்குத் தெம்பில்ல. வீட்டுக்காரம்மாதான் வெச்சாங்கன்னு நீங்க ஒரு வார்த்தை விசாரிச்சுச் சொல்லிட்டாப் போதும்."

மா சார் எழுந்து கோட்டை மாட்டினார். அவர் காலை வேளையில் கோட்டை மாட்டினால் விஷயம் பெரியது என்று அர்த்தம். இல்லாவிட்டால் குளிர் என்று அர்த்தம். இது நவம்பர், ஆகையால் எனக்கு இரண்டில் எது என்று தெரியவில்லை.

*

வீடு ஒன்பதாம் மாடியில் இருந்தது. பெரிய அறை ஒன்று, சின்ன அறை ஒன்று, தெற்கு பார்த்த பால்கனி. எட்டுக் கோடிக்கு இப்படி ஒரு வீடு சொக்சானில் கிடைத்ததே, அதற்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் தாகத்தில் இருப்பவன் தண்ணீரை முகர்ந்து பார்ப்பதில்லை.

சுன்மி பூட்டில் எண்களை அழுத்தினாள். காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். குக்கர் அப்படியே இருந்தது. பத்துப் பேருக்குச் சமைக்கும் அளவு.

மா சார் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தார். "நாரே, நீ ஒருத்தருக்கு ராசிக்காகக் குக்கர் குடுத்தா எப்படிக் குடுப்பே?"

"குடுக்கவே மாட்டேன். என் சம்பளம் உங்களுக்குத் தெரியும்."

"குடுத்தா?"

"புதுசா வாங்கி, ரிப்பன் கட்டி."

"இதுல அடி கருகியிருக்கு. ஒயருக்கு டேப் சுத்தியிருக்கு. இது தினம் சோறு ஆக்கற வீட்டுக் குக்கர். யாரோ இன்னைக்குக் காலைல பாக்கெட் நூடுல்ஸ் சாப்பிட்டிருக்காங்க, இது இங்க இருக்கறதால."

சுன்மி தன் குக்கரை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

மா சார் மூடியைத் திறந்து மூக்கை நுழைத்தார். என்னையும் கூப்பிட்டார். அரிசி வாசனைக்கு மேலே, மூடியின் ரப்பரில் ஊறிப்போய் வேறொரு வாசனை இருந்தது.

"சீரகம்" என்றேன்.

"உங்கம்மா சமையல்ல சீரகம் போடுவாங்களா?"

"எங்கம்மா சமையல்ல உப்பு போட்டாலே பெருசு. இந்த ஊர்ல சீரகம் எந்த வீட்டுல சார் இருக்கு?"

"சரி, சாட்சியையே கேட்டுடுவோம்." சுவரில் பிளக்கைச் செருகினார்.

எங்கள் ஊர்க் குக்கர்கள் பேசும். என் அறையில் இருப்பதும் பேசும். சாப்பாடு தயார் என்று என்னிடம் சொல்வதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே ஆள் அதுதான். இந்தக் குக்கரும் விளக்கு எரிந்ததும் இனிமையாக வாய் திறந்தது. ஆனால் பேசியது சீன மொழி.

"மொழியை யாரோ மாத்தி வெச்சிருக்காங்க" என்றார் மா சார். "சீனம் பேசற வீடு. சீரகம் புழங்கற சமையல். வீட்டுக்காரம்மா எந்த ஊரு சுன்மிம்மா?"

"இதே ஊர்தானாம். இப்ப மகன் வீட்டோட சியோல்ல இருக்காங்களாம். பாத்ததில்ல. வீடு விடறதுக்குத் தன் முத்திரையையும் கையெழுத்துப் போடற அதிகாரத்தையும் புரோக்கரம்மாகிட்டயே குடுத்துட்டாங்க."

மா சார் பிளக்கைப் பிடுங்கினார். "நாரே, உனக்குப் பசிக்குதா?"

"எப்பவும்."

"ஆட்டுக்கறி கம்பி சாப்பிடலாமா?"

சீரகமும் மிளகாய்த் தூளும் தடவி ஆட்டுக்கறியைக் கம்பியில் குத்திக் கரியில் சுடும் கடை சொக்சானில் ஒன்றே ஒன்றுதான், ஆலை வாசலுக்கு எதிரே.

*

சுன்மியைக் காரிலேயே இருக்கச் சொன்னார் மா சார். கடைக்குள் நாங்கள் இருவர் மட்டும் போனோம். கல்லாவிலும் அடுப்பிலும் மாறி மாறி நின்றவள் கும்வா. சீனத்து வடகிழக்கிலிருந்து வந்தவள், பேச்சில் அந்தப் பக்கத்து இழுப்பு இருந்தது. கடைக்கு மேலே மாடியறையில் யாரோ சிறு பெண் விடாமல் இருமிக்கொண்டிருந்தாள்.

"மகளுங்களா?" என்றேன்.

"ஆமா. இந்தப் புகை எல்லாம் மேலதான் போகுது. டாக்டர் வீடு மாத்துங்கன்னாரு. வீடு மாத்தறது மாத்திரை முழுங்கற மாதிரின்னு நெனச்சிட்டாரு." கம்பிகளைத் திருப்பியபடியே சிரித்தாள். "பரவால்ல, முடிஞ்சுது. நாளைக்கு மத்தியானத்தோட இந்தப் புகைக்கு ஒரு கும்பிடு."

"வீடு கெடைச்சிருச்சா?" மா சார் கம்பியைக் கடித்தபடி கேட்டார்.

"ஒத்திக்கு. ஒம்பதாவது மாடி, நல்ல காத்து. இங்கிருந்தே பாத்தா அந்த பால்கனி தெரியும்."

"நல்ல நாள் நேத்துன்னு சொன்னாங்களே. நாளைக்கா போறீங்க?"

"நேத்தே போயாச்சு அண்ணே. குக்கர் போயிருச்சு. எங்க மாமியார் இந்த ஊருக்காரங்க, விட மாட்டாங்க. அரிசி போட்டு நானே தூக்கிட்டுப் போய் வெச்சேன்."

"எவ்வளவுக்கு முடிச்சீங்க?"

"ஒம்பது கோடி. எங்க வீட்டுக்காரரு ஆலையில ராத்திரி ஷிப்டா பாத்து சேத்தாரு. ஆள் வீட்டுல இருக்காருன்னே எனக்கு மறந்து போச்சு." அவள் இன்னும் இரண்டு கம்பிகளை எங்கள் தட்டில் வைத்தாள். "இது கணக்குல இல்ல. சந்தோஷத்துக்கு."

நான் தட்டைத் தள்ளிவைத்தேன். மா சார் இரண்டையும் சாப்பிட்டார். வெளியே வந்ததும் அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"சார், அவங்ககிட்ட ஏன் சொல்லலை?"

"நம்ம கட்சிக்காரர் கார்ல உக்காந்திருக்காங்க."

"அதனால?"

"கடைசில சொல்றேன். இப்போ புரோக்கர்."

காரில் சுன்மியிடம் நடந்ததை அவர் நான்கு வாக்கியத்தில் சொன்னார். அவள் அழவில்லை, கத்தவில்லை. "ஒம்பதா" என்று மட்டும் கேட்டாள். தன்னைவிட ஒரு கோடி அதிகம் என்பதுதான் முதலில் அவள் மனத்தில் போய் விழுந்தது. எனக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை, இந்த ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது.

*

புரோக்கர் பில்யே ஓடிப்போயிருப்பாள் என்று நான் பந்தயம் கட்டினேன். இருந்தாள். கடைத் திரையைப் பாதி இறக்கிவிட்டு, மேசைக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். அறுபது வயதுக்காரி, தலைமுடியைச் சுருட்டி விட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சக்கரப் பெட்டி.

"வாங்க வாங்க, சுன்மிம்மா. எல்லாம் ரெடியா? இவங்க யாரு, அண்ணனா?"

"அண்ணன் மாதிரி" என்றார் மா சார். "வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லலாம்னு வந்தோம். அவங்க நம்பர் குடுங்களேன்."

"எதுக்கு நன்றி?"

"குக்கருக்கு."

"ஓ, அதுவா. நான் சொல்லிடறேன். அவங்களுக்குக் காது கேக்காது."

"காது கேக்காதவங்க பேசற குக்கர் வெச்சிருக்காங்க. அதுவும் சீன மொழியில."

பில்யே புன்னகையை அப்படியே வைத்திருந்தாள், ஆனால் அதில் ஆள் இல்லை.

"நேத்து சுன்மிம்மா போன் பண்ணப்ப நீங்க ஒண்ணு கேக்க மறந்துட்டீங்க" என்றார் மா சார். "காலி வீட்டுல குக்கர் இருக்குன்னா யாரா இருந்தாலும் முதல்ல என்ன கேப்பாங்க? 'குக்கரா? யாரோடது?'ன்னு கேப்பாங்க. நீங்க கேக்கலை. பதிலை மட்டும் தயாரா வெச்சிருந்தீங்க. நேத்து உங்களுக்கு அது முதல் குக்கர் இல்லை, அப்படித்தானே?"

கடையின் பின்பக்கத்தில் ஒரு துணித் திரை தொங்கியது. நான் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைத்திருக்காது. திரையை விலக்கினேன்.

தரையில், அலமாரியில், படுக்கையின் மேல், ஜன்னல் திண்டில் எல்லாம் குக்கர்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு. ஒன்றில் டைனோசர் ஸ்டிக்கர். ஒன்றின் கைப்பிடியில் ராசிக்குக் கட்டிய சிவப்புக் கயிறு. பக்கத்தில் இருந்ததைத் திறந்தேன். அரிசி. அதற்கடுத்ததிலும் அரிசி, கூடவே கறுப்புப் பயறு. ஒவ்வொன்றும் ஒரு குடும்பம். நாளைக்கு ஊரெங்கும் ஒரே கதவுக்கு முன்னால் இரண்டு லாரி, மூன்று லாரி என்று வந்து நிற்கப்போகிறது. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

"ஒரு வீட்ட எத்தனை பேருக்கு வித்தீங்க?" என்று கேட்டேன்.

"விக்கலம்மா, ஒத்திதான்" என்று திருத்தினாள் பில்யே. தொழில் பக்தி. "எங்கப்பன் மேல சத்தியமா மொதல்ல ஒண்ணுதான் அப்படிப் பண்ணேன். அந்தப் பணத்தைத் திருப்பிக் குடுக்க இன்னொண்ணு. அதுக்கு இன்னொண்ணு. நீங்களே வந்து வந்து நின்னீங்க. வீடு இல்லன்னு சொன்னா அழுதீங்க. இருக்குன்னு சொன்னா, பாக்காமலே பணத்தை நீட்டினீங்க."

"பணம் எங்க?" என்றாள் சுன்மி. உள்ளே வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"இல்லம்மா."

"கொஞ்சம்கூடவா?"

"இல்லம்மா."

மா சார் சக்கரப் பெட்டியைக் காலால் லேசாகத் தள்ளினார். கனமாக இருந்தது. "டிக்கெட் என்னைக்கு?"

"நேத்து ராத்திரி."

"அப்புறம் ஏன் போகலை?"

பில்யே திரைப்பக்கம் கையைக் காட்டினாள். "இத்தனையையும் என்ன பண்றது? ஒருத்தர் வெச்சதை இன்னொருத்தர் பாத்துடக் கூடாதேன்னு வீடு வீடாப் போய் எடுத்துட்டு வந்தேன். இவங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள இவங்களே பாத்துட்டாங்க. எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டுப் போயிடலாம்னு பாத்தேன். அரிசியோட இருக்கற குக்கரை எப்படிம்மா தூக்கிப் போடறது? கை வரலை. அடுத்தவங்க சோத்தைக் கொட்டின பாவம் ஏழு தலைமுறைக்கு விடாதும்மா."

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்க நேரமானது. ஊரார் எல்லோருடைய வாழ்நாள் சேமிப்பையும் விழுங்கியவளுக்கு ஒரு படி அரிசி தொண்டையில் சிக்கிக்கொண்டது.

மா சார் சுன்மியை வெளியே நடைபாதைக்கு அழைத்தார். நானும் போனேன்.

"கவனமாக் கேளுங்க. புரோக்கரம்மா கையில வீட்டுக்காரம்மா முத்திரை இருந்ததால உங்க ஒப்பந்தம் செல்லும். அந்தக் கடைக்காரம்மாவோட ஒப்பந்தமும் செல்லும். சட்டம் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கும்: யாரு முதல்ல உள்ள போய்க் குடியிருந்துக்கிட்டு, வட்டார ஆபீஸ்ல பேர் பதிஞ்சாங்கன்னு. இன்னைக்குச் சாயங்காலம் ஆபீஸ் மூடறதுக்குள்ள நீங்க முடிச்சா, வீடு உங்க கையில. உங்க பணம் வர்ற வரைக்கும் யாரும் உங்களை எழுப்ப முடியாது."

"அவங்களுக்கு?"

"புரோக்கர் சங்கத்துக் காப்பீடு ஒண்ணு இருக்கு. உள்ள இருக்கற அத்தனை குக்கருக்கும் பங்கு போட்டா, லாரி வாடகைக்கு ஆகும்."

"இந்தச் சட்டம் அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா நேத்தே பதிஞ்சிருப்பாங்க. நான் இங்க இந்தம்மாவோட உக்காந்திருக்கேன். பதிவு முடிஞ்சுதுன்னு நாரே சொன்னதும் போலீஸைக் கூப்பிடறேன். முன்னாடி கூப்பிட்டா ஊருக்கே தெரிஞ்சிடும்."

இதற்காகத்தான் அவர் கடையில் வாயைத் திறக்கவில்லை. மாடியில் இருமிய குழந்தையைப் பற்றி நான் சுன்மியிடம் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை. இந்த ஊரில் ஒருவருக்கு வீடு கிடைத்தால் இன்னொருவருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் பழகிவிட்டது.

சுன்மி கார்க் கதவைத் திறந்தாள். "கார் எடும்மா" என்றாள்.

*

போர்வை, தலையணை, ஒரு மூட்டைத் துணி, குக்கர். அவள் பழைய அறையிலிருந்து அவ்வளவுதான் எடுத்தோம். ஒன்பதாம் மாடியில் கொண்டுபோய்ப் போட்டோம். பூட்டின் எண்ணை அவள் மாற்றினாள். வட்டார அலுவலகத்தில் அந்த இளைஞன் முத்திரை குத்தி, "வாழ்த்துகள், நல்ல வீடு" என்றான். சுன்மி நன்றி சொன்னாள். நான் மா சாருக்குப் போன் செய்தேன்.

"கடைக்காரம்மா குக்கரை வெளிய வராந்தாவுல வெச்சிடுங்கக்கா. அவங்க வந்து எடுத்துப்பாங்க" என்றேன், திரும்ப மேலே போனபோது.

"வாசல்ல எப்படிம்மா வெக்கறது. அரிசி இருக்கே" என்றாள் சுன்மி. அதைத் தூக்கிக்கொண்டாள்.

கும்வா கடையில் கூட்டம் இன்னும் வரவில்லை. கரி அப்போதுதான் பிடித்திருந்தது. சுன்மியின் கையில் இருந்ததைப் பார்த்துக் கும்வா என்னைப் பார்த்தாள், பிறகு குக்கரை.

"இது எங்களோடது ஆச்சே. இதை எதுக்கு அங்கிருந்து..."

"அந்த வீட்டுக்கு நானும் பணம் கட்டியிருக்கேன்" என்றாள் சுன்மி. "புரோக்கர் நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டாங்க. மொதல்ல பதிஞ்சவங்களுக்குத்தான் வீடுன்னு சட்டமாம். நான் இப்பப் பதிஞ்சுட்டேன். உங்களுக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சேதான் பண்ணேன்."

இதை அவள் மெனுவை ஒப்பிப்பதுபோலச் சொல்லி முடித்தாள். குக்கரை மேசைமேல் வைத்தாள். கும்வா கத்தியை எடுப்பாள், கரியை வீசுவாள் என்று நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். கும்வா மூடியைத் திறந்து பார்த்தாள். அரிசி அப்படியே இருந்தது. மூடினாள். மேலே இருமல் கேட்டது. அவள் நிமிர்ந்து கூரையைப் பார்த்துவிட்டு, சுன்மியிடம் கேட்டாள்:

"உங்களுக்குக் குழந்தைங்க இருக்கா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

"அப்ப அந்தச் சின்ன ரூமை என்ன பண்ணுவீங்க?"

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சுன்மி குக்கரின் டேப் சுற்றிய ஒயரை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள். கும்வா காத்திருந்து பார்த்தாள். பிறகு குக்கரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.